கண்டக்டரின் மூன்றாவது அழைப்பு

ஆமையக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று இப்போது ஒருவருக்கும் நினைவில்லை. வைத்த ஆள் வேலையை விட்டுப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் அவள் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறது. மக்களின் முதலீட்டையும் பென்ஷனையும் பார்த்துக்கொள்ளும் அந்த நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் அறுபது பேர் காலையிலிருந்து மாலை வரை ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசுவார்கள். ஓர் அழைப்பை ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அவளுடைய சராசரி பதினொன்று. சுவரில் மாட்டிய திரையில் மற்றவர்கள் பெயரெல்லாம் பச்சையாக ஓடும். அவள் பெயர் மட்டும் அடிவரிசையில் சிவப்பாக நிற்கும்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்வாங்க. நம்ம மாடி எப்படியோ ஓடுது" என்பான் பக்கத்து இருக்கைக்காரன். அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். சராசரி மூன்றரை நிமிடம்.

"ஓடறது நீதானே தம்பி. நான் உக்காந்துட்டுதானே இருக்கேன்" என்பாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் முதலில் சேர்ந்தது கீழ்த்தளத்தில், தபால் பிரிக்கிற வேலைக்கு. எட்டு வருஷம் உறைகளைக் கத்தரித்தாள். படிவத்துக்குப் பதிலாகக் கரண்ட் பில்லை அனுப்பியவர்கள், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் "போட்டாச்சு" என்று எழுதி அனுப்பியவர்கள், பேத்தியின் மார்க் ஷீட்டை உறைக்குள் வைத்துவிட்டு அடுத்த வாரம் பதறிக்கொண்டு கடிதம் போட்டவர்கள் என்று எல்லோரையும் எழுத்திலேயே பார்த்துப் பழகினவள். தபால் குறைந்து அந்த அறையையே பூட்டியபோது, அவளை மேலே தூக்கித் தொலைபேசியில் உட்கார வைத்தார்கள். முதல் நாள் பயத்தில் மியூட் பொத்தானை அழுத்திக்கொண்டே வணக்கம், தன் பெயர், நிறுவனத்தின் பெயர் எல்லாவற்றையும் அழகாகச் சொல்லி முடித்தாள். எதிர்முனையில் இருந்தவர் நாலு முறை அலோ அலோ என்றுவிட்டு, "யாருமே இல்லாத கம்பெனிக்கா இத்தனை வருஷம் பணம் கட்டினேன்?" என்று நொந்துபோய் வைத்துவிட்டார்.

பதினொரு நிமிடத்துக்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. வயதானவர்கள் நேராகப் பென்ஷனுக்கு வர மாட்டார்கள். முழங்காலில் ஆரம்பிப்பார்கள். முழங்காலிலிருந்து மாடிப்படி, மாடிப்படியிலிருந்து மருமகள், மருமகளிடமிருந்து மழை, அப்புறம்தான் "ஒரு லெட்டர் வந்திருக்கும்மா, என்னன்னே புரியல" என்பார்கள். நடுவில் வெட்டினால் விஷயத்தைச் சொல்லாமலே வைத்துவிடுவார்கள், மறுநாள் மறுபடி கூப்பிடுவார்கள். "அது உன் கணக்குல ரெண்டு காலா விழும். என் கணக்குல ஒண்ணு" என்று எக்ஸ்பிரஸிடம் ஒருமுறை சொன்னாள். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டா விழுந்தா எனக்கு நல்லதுதானே" என்றான்.

வீட்டில் அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக், மகள் கல்லூரியில் கடைசி வருஷம். அவள் அலுவலகத்திலிருந்து வந்த முதல் ஒரு மணி நேரம் இருவரும் அவளிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால், "வேற ஏதாவது உதவி வேணுங்களா?" என்றுதான் பேச்சு முடியும். தன் அக்காவிடம் போனில் சண்டை போட்டு, "இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொன்ன கையோடு, "அழைத்தமைக்கு நன்றி" என்று வைத்தவள் அவள். அந்தக் கதையை மகள் இன்னும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நடித்துக் காட்டுகிறாள்.

அந்த வேலையில் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: மூன்று கேள்வி. பணத்தைப் பற்றி ஒரு சொல் பேசுவதற்கு முன், கூப்பிட்டவர் இன்னார்தான் என்று தெரிந்துகொள்ள, பதிவில் இருக்கும் விவரங்களிலிருந்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஒன்று தப்பினால் இன்னொன்று கேட்கலாம். இரண்டு தப்பினால் அழைப்பை முடித்துவிட வேண்டும். பக்கத்திலிருந்து யாராவது பதில் எடுத்துக் கொடுக்கிற சத்தம் கேட்டாலும் முடித்துவிட வேண்டும். இதில் தாய் பிள்ளை என்ற பேச்சே கிடையாது. ஒருமுறை அவளுடைய சொந்தப் பெரியம்மாவின் அழைப்பு அவளுக்கே வந்து விழுந்தது.

"உங்க பிறந்த தேதி சொல்லுங்க பெரியம்மா."

"என் பொறந்த தேதி உனக்குத் தெரியாதாடி?"

"தெரியும். ஆனா நீங்கதான் சொல்லணும்."

"உன்னைத் தூக்கி வளத்தவ நான். என்னையே யாருன்னு கேக்கறியா?"

பெரியம்மா ஒரு வருஷம் பேசவில்லை.

இப்படி மூன்று அழைப்புகள் தோற்றுப்போனால் அந்த வாடிக்கையாளருக்குத் தொலைபேசிக் கதவே சாத்தப்பட்டுவிடும். அதன் பிறகு படிவம், மருத்துவர் சான்று, தபால், சரிபார்ப்பு என்று பத்து வாரம் இழுக்கும். கம்ப்யூட்டர் வழியாகப் போக வேண்டுமென்றாலும், முதல்முறை பதிவு செய்ய இதே மூன்று கேள்வியைத் தொலைபேசியில் தாண்டியாக வேண்டும்.

அன்றைக்கு மாதத்தின் இருபதாம் தேதி. அடுத்த மாதப் பென்ஷன் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று மாற்றச் சொல்பவர்களுக்கு அதுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணிதான் கடைசி நேரம். நாலு மணி பத்து நிமிடத்துக்கு ஆமையக்காவின் காதில் ஓர் அழைப்பு விழுந்தது. திரையில் பதிவு திறந்தது. பஸ் கண்டக்டராக முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய வங்கிக் கிளையை மூடுகிறார்கள். புது வங்கியின் விவரம் முத்திரையோடு போன வாரமே தபாலில் வந்துவிட்டது. மாற்றச் சொன்னது தாம்தான் என்று அவர் உறுதி செய்வது மட்டும் பாக்கி. அதற்கும் கீழே சிவப்பில்: இரண்டு முயற்சி தோல்வி. இது மூன்றாவது.

"அம்மா, நீங்களாவது வைக்காம கேளுங்க" என்றது ஒரு பெண் குரல். "நான் அவர் வீட்டுக்காரி. அவருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆகி இருவது நாளாச்சு. காத்து வருது, குரல் வரல. டாக்டரு ஆறு மாசத்துல வரலாம், வராமலும் போகலாங்கறாரு."

"சொல்லுங்கம்மா."

"முந்தாநாள் அவரையே பேச விட்டேன். உஸ்ஸு உஸ்ஸுன்னாரு. அந்தப் பக்கம் இருந்த பொண்ணு ஒண்ணும் கேக்கலன்னு வெச்சிருச்சு. நேத்து..." குரல் கொஞ்சம் இறங்கியது. "நேத்து நானே அவர் மாதிரி பேசினேன்."

"அவர் மாதிரின்னா?"

"ஆம்பளக் குரல்லம்மா. நாப்பத்தி மூணு வருஷமா கேக்கறேன், எனக்குத் தெரியாதா? நல்லாத்தான் பேசினேன். கடைசியில தும்மல் வந்து கெடுத்துருச்சு."

ஆமையக்கா மெல்லத் திரும்பி எக்ஸ்பிரஸைப் பார்த்தாள். நேற்றைய அழைப்பு அவனுடையது. அவன் அடுத்த அழைப்பில் இருந்தபடியே, ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, தும்முவது போலச் செய்து காட்டினான்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். அடுத்த மாசப் பணம் மூடின பேங்குக்குப் போனா என்ன ஆகும்னு சொன்னாங்களா?"

"திரும்பி வருமாம். அப்புறம் விசாரிச்சு அனுப்ப மூணு மாசமாம்." இப்போது அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. "எங்களுக்கு வர்றது அது ஒண்ணுதாம்மா. வாடகை, அவர் மருந்து எல்லாமே அதுலதான். பொண்ணுங்க ரெண்டு பேரும் கட்டிக்குடுத்த இடத்துல அவங்க பாடே இழுபறி. கேக்க வாய் வராது."

நாலு பதினாறு. பதிலைப் போன் பொத்தானில் நம்பராக அழுத்தச் சொல்லலாமா என்று யோசித்தாள். முடியாது, ரகசிய எண்களை ஊழியர்கள் கேட்டுவிடக் கூடாதென்று நிறுவனமே அந்தச் சத்தத்தை அடைத்து வைத்திருந்தது. மேசையில் தட்டச் சொன்னாள். கண்டக்டர் தட்டினார் என்றுதான் அவர் மனைவி சொன்னாள். இரைச்சலை வடிகட்டும் கருவி அதை முழுசாக விழுங்கிவிட்டது. கொஞ்சம் பலமாகத் தட்டச் சொன்னாள்.

"மேசை ஆடுதும்மா. இதுக்கு மேல தட்டினா காலு போயிரும். விசில் ஊதச் சொல்லட்டுமா?"

"விசிலா?"

"பஸ்ஸுல ஊதினது. இன்னும் வெச்சிருக்காரு. குரல் போனதுலேருந்து தண்ணி வேணும்னா ஊதறாரு, ஜன்னலை மூடணும்னா ஊதறாரு. பக்கத்து வீட்டுக் கொழந்தை எங்க வாசல்ல வந்து பஸ்ஸைத் தேடுது."

விதிப்புத்தகத்தில் விசிலைப் பற்றி ஒன்றும் இல்லை. வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

"ஊதச் சொல்லுங்கம்மா."

காது கிழிந்தது. வடிகட்டும் கருவி விசிலுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எதிர் வரிசையில் இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"அம்மா, இப்ப நீங்க போனை அவர்கிட்ட குடுத்துட்டு வெளிய போயிடணும். நீங்க ஏதாவது சொல்றது என் காதுல விழுந்தாகூட நான் வெச்சுடணும்."

"நான் வாயே தொறக்க மாட்டேன்."

"வாசலுக்குப் போங்கம்மா. கதவையும் சாத்திக்கோங்க."

"இதோ போறேன்" என்றாள் அந்தம்மா. பிறகு ஒரு முதியவரின் மூச்சு மட்டும்.

"ஐயா, வணக்கம். நான் மூணு கேள்வி கேப்பேன். பதில் எல்லாமே சின்ன நம்பர்தான். எத்தனையோ அத்தனை தடவை ஊதுங்க. ஆமான்னு சொல்லணும்னா நீளமா ஒண்ணு. புரிஞ்சுதுங்களா?"

நீளமாக ஒன்று வந்தது. பட்டியலில் இருந்த கேள்விகளில், ஒற்றை எண்ணில் பதில் வருகிறவையாக அவள் பொறுக்கிக்கொண்டாள்.

"நீங்க பொறந்தது எத்தனாவது மாசம்?"

பதிவில் இருந்தது நாலு. விசில் வந்தது. அவள் விரலை மடக்கி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்து. ஆறு.

மாதத்தை மறந்துவிட்டாரா? ஆபரேஷன் மயக்கமா? அல்லது அங்கே ஊதுவது வேறு யாராவதா? தப்பு என்று சொல்லவும் கூடாது. சொன்னால் எடுத்துக் கொடுத்த மாதிரி. அடுத்த கேள்விக்குப் போனாள்.

"உங்களுக்கப்புறம் பணம் யாருக்குப் போகணும்னு எழுதிக் குடுத்திருக்கீங்க இல்லையா, அதுல எத்தனை பேர் எழுதியிருக்கீங்க?"

மனைவியும் இரண்டு பெண்களும். பதிவில் மூன்று. விசில் வந்தது: ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு சிறிய இடைவெளி. பிறகு டக்கென்று இரண்டு.

ஐந்து. இரண்டு கேள்வி தப்பு. விதிப்படி இப்போது அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அழைப்பை முடிக்க வேண்டும். விரல் பொத்தான் பக்கம் போக வேண்டும். ஆனால் அவள் வலது கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. உடம்பு லேசாகப் பின்பக்கம் சாய்ந்து, கால் தரையில் ஊன்றியிருந்தது. ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷமாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்கு வருகிறவள். ஒற்றை விசில் அடித்தால் பஸ் நிற்கும். டக்கென்று இரண்டு அடித்தால் கிளம்பும். காதுக்குப் புரிவதற்கு முன்னால் கைக்குப் புரிந்துவிட்டது: பஸ் கிளம்பப் போகிறது, கம்பியைப் பிடி.

முப்பத்தொரு வருஷம். ஏற வேண்டியவர் ஏறி, இறங்க வேண்டியவர் இறங்கியதும் இரண்டு விசில். பதில் சொல்லி முடித்ததும் அவர் பஸ்ஸை எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

"ஐயா," என்றாள், குரலை நிதானமாக வைத்துக்கொண்டு. "ஒவ்வொரு பதிலுக்கும் கடைசியில ரெண்டு விசில் வருது. அது கணக்குல சேருமா, இல்ல 'போலாம்'னு சொல்றீங்களா? போலாம்னா நீளமா ஒண்ணு ஊதுங்க."

நீளமாக ஒன்று வந்தது. கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிதான் இருந்தது.

"சரிங்கய்யா. அடுத்ததுக்கு அந்த ரெண்டு வேணாம். நம்பரோட நிறுத்திக்கோங்க. உங்க உறுப்பினர் நம்பர்ல கடைசி எண் என்ன?"

ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு. நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எதிர்முனையிலும் மூச்சுச் சத்தம் நின்றிருந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி.

டக், டக். இரண்டு விசில்.

அதற்குப் பின்னால் காற்றாக ஒரு சத்தம். அது அவர் தலையில் அடித்துக்கொண்டதா, சிரித்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"பரவால்லைங்கய்யா. புது பேங்குக்கு மாத்தச் சொன்னது நீங்கதானே?"

நீளமாக ஒன்று.

மூன்றாவது முயற்சி என்பதால் அந்த அழைப்பின் பதிவு ஒட்டுக்காதிடம் போகும். அவர் சரி சொன்னால்தான் மாற்றம் உள்ளே ஏறும். ஒட்டுக்காது என்பது தர மேற்பார்வையாளருக்கு மாடி வைத்த பெயர். அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்டே சம்பளம் வாங்குகிற மனிதர், கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். கெட்டவர் அல்ல. ஆனால் அவர் அறைக்குள் போனவர்கள் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வெளியே வருவார்கள். ஆமையக்காவும் பலமுறை ஆட்டியிருக்கிறாள்.

நாலு நாற்பத்தெட்டுக்கு அவளைக் கூப்பிட்டார்.

"பொறந்த மாசம் நாலு. ஆறு ஊதியிருக்காரு. நீங்க சரின்னு டிக் பண்ணியிருக்கீங்க."

"கடைசி ரெண்டு கணக்கில்லை சார். அவரு கண்டக்டர். அது போலாம்."

"எனக்கும் புரியுது. ஆனா இதுல ஒரு குரல்கூட இல்ல. ஊதினது அவருதான்னு எப்படிச் சொல்றது? நேத்து அந்தம்மா அவர் மாதிரி பேசியிருக்காங்க. இன்னிக்கு ஊதியிருக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

நியாயமான கேள்விதான். வழக்கமாக இந்த இடத்தில்தான் அவள் தலையை ஆட்டுவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எக்ஸ்பிரஸ் தன் அழைப்பைக் காத்திருப்பில் போட்டுவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் யாரையும் காத்திருப்பில் போட்டு அவள் பார்த்ததில்லை. சுவர்க் கடிகாரம் நாலு ஐம்பத்தொன்று.

"அந்தம்மா ஊதியிருந்தா நாலு ஊதிட்டு நிறுத்தியிருப்பாங்க சார்" என்றாள்.

"ஏன்?"

"அவங்களுக்கு எப்படியாவது பாஸ் ஆகணும். சரியான பதிலைத்தான் ஊதுவாங்க. வேணாம்னு சொன்ன பிறகும் அந்த ரெண்டை ஊதறதுக்கு, வேணும்னே பண்ற ஆளால முடியாது. அது முப்பத்தொரு வருஷம் ஊதினவர் வாய்க்குத்தான் வரும்."

ஒட்டுக்காது ஏழு விசில் வந்த இடத்துக்குப் பதிவைத் திருப்பி, காதில் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக் கேட்டார். அவர் உதடு எண்ணுவது தெரிந்தது. ஏழில் நின்றது. இரண்டு நொடி. பிறகு அவர் முகத்தில், எவ்வளவோ அடக்கியும், ஒரு பக்கமாகச் சிரிப்பு வந்தது. மறுபடியும் ஒருமுறை கேட்டார். இந்த முறை விசாரணைக்காகக் கேட்ட மாதிரி இல்லை.

"பாவம், ரொம்ப முயற்சி பண்ணியிருக்காரு மனுஷன்" என்றார்.

"ஆமா சார்."

"பதிலைவிட தப்புதான் சாட்சியா இருக்கு." சொல்லிக்கொண்டே டிக் போட்டார். திரையில் பச்சை விழுந்தபோது மணி நாலு ஐம்பத்தாறு. "அந்த வீட்டுக்குச் சொல்லிடுங்க. அப்படியே பதிவுல ஒரு குறிப்பு எழுதிடுங்க, அடுத்த தடவை யார் எடுத்தாலும் முழிக்கக் கூடாது. சுருக்கமா எழுதுங்கம்மா, உங்களுக்குத்தான் சொல்றேன்."

அவள் தன் இடத்துக்கு வந்து அந்த வீட்டைக் கூப்பிட்டாள். நல்ல சேதியைச் சொல்வதற்கும் மூன்று கேள்வி உண்டு. கண்டக்டரின் மனைவி, "மறுபடியும் வாசலுக்கா? தெருவே என்னைப் பார்க்குதும்மா" என்று அலுத்துக்கொண்டே போனாள். விசில்கள் வந்தன, கூடவே அந்த இரண்டும் வந்தன. "உங்க பணம் அடுத்த மாசம் புது பேங்குக்கு வந்துடும்யா" என்றாள் ஆமையக்கா. எதிர்முனையில் விசில் இல்லை. காற்று மட்டும் வந்தது, ஒரு சொல்லின் வடிவத்தில். அது என்ன சொல்லென்று வடிகட்டும் கருவி அவளுக்குக் காட்டவில்லை. தூரத்தில் கதவு திறந்து, "என்னாச்சு, ஆச்சா இல்லையா?" என்று அந்தம்மா கத்துவது மட்டும் நன்றாகக் கேட்டது.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் குறிப்பு எழுத உட்கார்ந்தாள். மூன்று முறை எழுதி, மூன்று முறையும் பெட்டிக்குள் அடங்காமல் அழித்து, கடைசியில் இப்படி வைத்தாள்:

வாடிக்கையாளருக்கு இப்போது குரல் இல்லை. விசிலில் பதில் சொல்வார். ஒற்றை எண்ணில் பதில் வரும் கேள்வியாகக் கேட்கவும். நீளமாக ஒன்று என்றால் ஆமாம். எந்தப் பதிலுக்கும் கடைசியில் இரண்டு கூட வரும். எண்ண வேண்டாம், நிறுத்தச் சொல்லவும் வேண்டாம். முதலில் அவர் மனைவி பேசுவார். பேசி முடிக்கட்டும். பிறகு வாசலுக்கு அனுப்பவும்.